ஆடி கழியட்டும்

ஜூலை 6

மதியின் பெயரை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது சுற்றில், கோவை அணி.

சகாயம்தான் முதலில் பார்த்தான். சைக்கிளை அப்படியே தெருவில் சாய்த்துவிட்டு வாசலிலிருந்தே கத்தினான். "யக்கா, ஒன் தம்பி பேரு போன்ல ஓடுதுக்கா!" மதி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். அம்மாவின் ஈரப் புடவையோடு இறங்கி வந்து கூடத்தின் நடுவில் நின்றான். தரையெல்லாம் சொட்டியது. யாரும் அவன் கையிலிருந்து அதை வாங்கவில்லை.

கபடி லீக்கில் எட்டு அணிகள். வருடத்துக்கு ஒருமுறை புதுமுகங்களின் பெயர்களை முறைவைத்து எடுக்கிறார்கள். ஒருவர் எடுத்த பெயரை மற்றவர் தொட முடியாது. பிறகு ஒப்பந்தம் பேச வேண்டும். பேச்சு முறிந்தால் எடுத்த அணி பெயரை விடுவித்துவிட்டு வெளியிலிருந்து வேறொருவனை வைத்துக்கொள்ளலாம். விடுவிக்கப்பட்டவன் அந்த ஆண்டு எந்த அணிக்கும் ஆட முடியாது. மதிக்கு இருபத்திரண்டு முடியப்போகிறது. அடுத்த ஆண்டு அவன் புதுமுகம் இல்லை. புதுமுகம் இல்லாத, யாருக்கும் தெரியாத ஆட்டக்காரனை எவரும் ஏலத்தில் கேட்பதில்லை.

சகாயத்தின் பெயர் வரவில்லை. அவன்தான் லட்டு வாங்கி வந்தான்.


ஜூலை 8

ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்தது. மன்னார்குடி போய் அச்செடுத்து வந்தேன். இருபத்தாறு பக்கம். ஆங்கிலம்.

எம்.ஏ. முடித்து இரண்டு வருடம். இந்த வீட்டில் என் ஆங்கிலத்துக்கு முதல் வேலை.

பேனாவோடு உட்கார்ந்தேன். எங்கும் அவன் பெயர் இல்லை. முதல் பக்கத்தில் ஒருமுறை மதியழகன். அதன் பிறகு முழுக்க 'மேற்படி நபர்'. மேற்படி நபர் மூன்று ஆண்டுகள் வேறு அணிக்குப் போகக்கூடாது. மேற்படி நபர் ஊர்ப் போட்டிகளில் ஆடக்கூடாது. மேற்படி நபருக்கு அடிபட்டு ஆட முடியாமல் போனால், அந்த நாளோடு சம்பளம் நிற்கும்.

தொகையை இங்கே எழுதப் போவதில்லை. அப்பா குவைத்தில் இரண்டு வருடம் வண்டி ஓட்டினால் வருவது. அவ்வளவு போதும்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். "நீ படிச்சவ. நீயே பாத்துக்கம்மா. எனக்கு என்னா தெரியும்" என்றார். பின்னால் யாரோ அரபியில் கத்தினார்கள். வைத்துவிட்டார்.

அம்மா தையல் மெஷினிலிருந்து நிமிரவில்லை. "எப்பப் போடணுமாம் கையெழுத்து?"

"ஆடிக்கு முன்னாடி போட்டா நல்லதுன்னு சொல்றாங்க."

"ஆடியாவது ஆவணியாவது. பேனாவுல மை இருந்தா போதாதா?"


ஜூலை 9

கோவையிலிருந்து நிர்மல்குமார் பேசினார். அணியின் மேலாளர். மதி ஸ்பீக்கரில் போட்டான்.

"மூணு வருசங்க தம்பி."

"சரி சார்."

"மொத வருசம் ஹோட்டல்ல ரெண்டு பேருக்கு ஒரு ரூமுங்க."

"சரி சார்."

"ஏதாவது கேக்கணுங்களா?"

"இல்ல சார்."

போனைப் பிடுங்கினேன். அடிபட்டால் சிகிச்சை யார் செலவு என்று கேட்டேன். "நீங்க யாருங்க?" அக்கா என்றேன். இனி எல்லாம் என் எண்ணுக்கே பேசுங்கள் என்றேன். அவன் எல்லாவற்றுக்கும் சரி என்பான் என்றேன்.

மதி சிரித்தான். "அடேங்கப்பா. கலெக்டரு."


ஜூலை 13. ஞாயிறு

மன்னார்குடியில் பி.டி. சாரின் பள்ளி மைதானம். மதியும் சகாயமும் வியாழனிலிருந்து அங்கே பயிற்சி முகாமில் இருக்கிறார்கள், ஞாயிறு மட்டும் வீடு. போன்களை சார் காலையில் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரிதான் கொடுப்பார். கூட்டிவரப் போனேன்.

இத்தனை வருடத்தில் இவர்கள் ஆடுவதை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. பாடி வருபவன் கோட்டைத் தாண்டியதும் இருவரும் கை கோத்துக்கொள்கிறார்கள். மதி ஓரம். சகாயம் அவனுக்கு அடுத்து. மதி கணுக்காலுக்குப் பாய்வான். அந்த நொடியில் சகாயம் கையை விடுவித்து இடுப்பில் மோதுவான். எப்போது விட வேண்டும் என்பதற்கு எந்தச் சைகையும் இல்லை. பார்த்துக்கொள்வதுகூட இல்லை.

"ரெண்டு பேரும் ஏழாங்கிளாஸ்லேர்ந்து இப்புடித்தாம்மா" என்றார் பி.டி. சார். "மதிக்கு ஓரம் மட்டும்தான் வரும். ஆனா அந்த ஓரத்துல அவன அடிச்சுக்க ஆளு கெடையாது. சகாயத்துக்கு எல்லா எடமும் வரும். எதுலயும் மொத ஆளு இல்ல."

சகாயத்துக்குக் கேட்டிருக்கும். மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.


ஜூலை 15

நிர்மல்குமார் நேரில் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையில் அணியின் சின்னம். காரை முக்கில் நிறுத்திவிட்டு நடந்து வந்ததில் செருப்பெல்லாம் சேறு. வாசலில் நின்று அம்மாவிடம் தண்ணீர் கேட்டுக் காலைக் கழுவிக்கொண்டார். அம்மாவுக்கு அப்போதே பிடித்துவிட்டது.

இருபத்தாறு பக்கத்தையும் விரித்தேன். பேனாவால் கோடிட்ட இடங்கள். ஒவ்வொன்றாக. அவர் முதலில் தமிழில் பேசினார், பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார், நானும் மாறினேன். அம்மா இரண்டு பேரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அடிபட்டால் அந்த சீசன் முடியும்வரை முழுச் சம்பளம், சிகிச்சை அணியின் செலவு. ஒத்துக்கொண்டார். எழுதி அனுப்புகிறேன் என்றார்.

நான் தோற்றுக்கொண்டிருந்த ஏதோ ஒன்றில் ஒரு புள்ளி எடுத்ததுபோல் இருந்தது. இதைவிடத் துல்லியமாகச் சொல்ல வரவில்லை.

கிளம்பும்போது சொன்னார். "நீங்க நல்லாப் பேசறீங்க மேடம். எங்காபீஸ்ல தமிழ் எழுத, பேட்டி எடுக்க ஒரு ஆள் வேணும்னு தேடிட்டே இருக்கோங்க. உங்களாட்டம் ஒருத்தர்."

சும்மா சொல்வார்கள்.

அம்மா கேட்டாள்: "என்னடி சொன்னாரு கடைசியா?" வெயில் அதிகம் என்றார், என்றேன்.


ஜூலை 16

ஆவணியில் பெண் பார்க்க வருகிறார்களாம். மன்னார்குடியில் உரக்கடை. ஆடி கழியட்டும் என்று காத்திருக்கிறார்கள்.


ஜூலை 17

ஆடி பிறந்தது. அம்மாவிடம் ரவிக்கை தைக்க யாரும் வரவில்லை. கல்யாணம் இல்லை, அதனால் ரவிக்கை இல்லை. மெஷினுக்கு எண்ணெய் போட்டு மூடிவைத்தாள்.

திருத்திய ஒப்பந்தம் வந்தது. சொன்னபடி எழுதியிருந்தார்கள். மூன்று வருடப் பூட்டு அப்படியே இருந்தது. இரண்டாகக் குறைக்கச் சொல்லிக் கேட்டு எழுதினேன். நியாயமான கேள்வி. யாரைக் கேட்டாலும் நியாயம் என்பார்கள்.


ஜூலை 20. ஞாயிறு

மதியிடம் சொன்னேன்: வீட்டிலிருந்து ஒருவர் உடன் தங்க அணி இடம் கொடுக்க வேண்டும் என்று சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

"யாரு தங்குறது?"

"அம்மா வரமாட்டாங்க. நான் இருக்கலாம்."

"எனக்கு எதுக்குக்கா? ஹாஸ்டல்ல நாலு வருஷம் இருந்தவன் நானு."

"அது தஞ்சாவூர். இது கோயமுத்தூர்."

"ஏன், அங்க சோறு போட மாட்டாங்களா?"

சகாயம் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தான். "அக்காவ அனுப்பலன்னா நான் போறன்டா. ஒன் ஜட்டிய யாரு தொவைப்பா" என்றான். இருவரும் உருண்டு புரண்டார்கள்.

மதிக்குத் தனியாக இருக்கத் தெரியாது. அவனுக்கே தெரியாத விஷயங்கள் எனக்குத் தெரியும்.


ஜூலை 22

நிர்மல்குமாருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அன்று சொன்னதைப் பற்றி, பொதுவாக. ஒப்பந்தத்தோடு தொடர்பில்லாமல்.

இரண்டு நீல டிக். பதில் இல்லை.

மழை வரும்போல் இருந்து வரவில்லை.


ஜூலை 24

பேசினார். குரலில் சந்தோஷம்.

"ரெண்டு வருசத்துக்கு ஒத்துக்க வெச்சுட்டனுங்க. எம்.டி.கிட்ட சண்டையே போட்டேன். கூடத் தங்கறதும் சரி, பக்கத்துல ஒரு ஹாஸ்டல்ல ஏற்பாடு பண்ணிக்கலாங்க. நாளைக்கே வந்து கையெழுத்து வாங்கிக்கட்டுங்களா?"

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனாலும் பயமாக இருந்தது. ஒருவேளை எதிராளி முழுவதுமாக இறங்கிவரும்போது வரும் பயம் அது. காலடியில் தரை திடீரென்று இல்லாததுபோல்.

"நான் அனுப்பின செய்தி..." என்றேன்.

"பாத்தனுங்க. அது வேற டிபார்ட்மெண்ட்டுங்க மேடம். கேட்டிருக்கேன். ஒரு ரெண்டு மூணு வாரம் ஆகுங்க. இது மொதல்ல முடிச்சுக்கலாங்களா?"

முடித்துவிட்டால் அவர் எதற்காக மறுபடி என்னிடம் பேச வேண்டும்?

அம்மா ஆடியில் கையெழுத்து வேண்டாம் என்கிறாள், என்று சொன்னேன்.

நான் எதிர்பார்த்தது சிரிப்பை. அவர் குரல் தணிந்தது. "அப்படிங்களா. எங்கூட்லயும் அதே கதைதானுங்க. எங்கம்மா ஆடியில புதுச் செருப்புகூட போட உடாது. அம்மா மனசு கோணாம இருக்கட்டுங்க. நான் மேல பேசிப் பாக்கறேன், ஆவணி ஒண்ணு வரைக்கும் டைம் கேக்கறேன்."

நன்றி சொன்னேன்.

மாலை பருப்பு தீய்ந்துவிட்டது.


ஜூலை 25

ஆடி வெள்ளி. மாரியம்மன் கோயிலில் ஒலிபெருக்கி. அம்மா போகவில்லை, முழங்கால் வலி.

இந்த ஊரில் ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு அம்மா இன்று அதையேதான் சொல்லியிருப்பாள். ஆடியில் வேண்டாம். வீடு மாறவேண்டாம், வண்டி வாங்கவேண்டாம், பெண் அழைக்கவேண்டாம். அப்படிப் பார்த்தால் அது யாருடைய வார்த்தையும் இல்லை. காற்றில் இருப்பது.


ஜூலை 30

ஒன்றும் இல்லை.


ஆகஸ்ட் 3. ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. படித்துறை நிறையப் புதுத் தாலிக் கயிறுகள், மஞ்சள், சிறு பிள்ளைகள் இழுத்துவரும் சப்பரங்கள். அம்மா புளிச்சோறும் தேங்காய்ச் சோறும் கட்டியிருந்தாள். சகாயமும் வந்தான், ஒவ்வொரு வருடமும் வருவான். அவன் வீட்டில் இதெல்லாம் கிடையாது. மாதா கோயில்காரர்கள். சோற்றுக்காக வருகிறேன் என்பான்.

அம்மா படியில் இறங்கிப் பூ விட்டுக்கொண்டிருந்தபோது மதி என்னிடம் வந்தான்.

"எப்பக்கா கையெழுத்து? எல்லாந்தான் குடுத்துட்டாங்களாம்ல. நிர்மல் சாரு பி.டி. சார்கிட்ட சொன்னாராம்."

"ஆடி போகட்டும்."

"அம்மாவா சொன்னாங்க?"

தலையை அசைத்தேன். அந்த அசைவை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அவன் தண்ணீரைப் பார்த்தான். "நம்ம அம்மாவா? ஆச்சரியமாத்தான் இருக்கு. நான் வேணா பேசிப் பாக்கட்டா?"

"வேண்டாம்டா. மனசுல ஏதோ பயம் போல. கேட்டா வருத்தப்படுவாங்க. பத்துப் பதிமூணு நாள்தானே."

"நீ சொன்னா சரி."

அவன் எல்லாவற்றுக்கும் சரி என்பான். இதை நான் முன்பே யாரிடமோ சொல்லியிருக்கிறேன்.

அம்மா ஈரக்காலோடு ஏறி வந்து நான்கு பேருக்கும் இலையில் சோறு வைத்தாள். மதிக்கு மட்டும் இரண்டாவது வடை. "ஓடுறவனுக்குப் போடுறேன். நீங்க ரெண்டு பேரும் கண்ணு வைக்காதீங்க."


ஆகஸ்ட் 6

சோறு வடிக்கும்போதும் போனை மடியில் வைத்துக்கொள்கிறேன். அம்மா கேட்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் ஓர் ஆசிரியர் சொல்வார்: காத்திருப்பவன் காலத்தை அனுபவிப்பதில்லை, காலம்தான் அவனை அனுபவிக்கிறது. அப்போது குறித்துவைத்துக்கொண்டேன். இப்போது அது வெறும் அழகான வாக்கியம்.


ஆகஸ்ட் 9

காலை. நிர்மல்குமார்.

"மேடம், மேல ஒத்துக்கலீங்க. லிஸ்ட்டு நாளைக்கு சாயந்திரத்தோட மூடறாங்க. ஆவணியெல்லாம் அவங்களுக்குப் புரியலீங்க. எம்.டி. பம்பாய்க்காரர். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டாப் போதுங்க. அம்மாகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. வேணும்னா நானே பேசறேன், போனக் குடுங்க."

அம்மா தோட்டத்தில் முருங்கை ஒடித்துக்கொண்டிருந்தாள். பத்தடி.

"அவங்க வெளியே போயிருக்காங்க."

"சரிங்க."

"நான் கேட்டிருந்தது?"

"எதுங்க? ஓ, அந்த வேலையா. அது இந்த வருசம் இல்லீங்க மேடம். வேற பொண்ணு ஒண்ணு சேந்துருச்சு. அடுத்த தடவ கண்டிப்பாப் பாக்கலாங்க. இத மட்டும் நாளைக்குள்ள..."

அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

முருங்கைக்கீரையை ஆய்ந்தோம். அம்மா உரக்கடைக்காரர்களைப் பற்றிப் பேசினாள். பையனுக்கு முன்னால் லேசாக வழுக்கையாம், ஆனால் குணமாம்.


ஆகஸ்ட் 10. ஞாயிறு

போர்வைகளைத் துவைத்தேன். எல்லாப் போர்வைகளையும். நல்ல வெயில்.

மதி வரவில்லை. மாநிலப் போட்டி நெருங்குவதால் இந்த ஞாயிறு விடுப்பு இல்லை.

போன் அலமாரியில் இருந்தது. சார்ஜ் இல்லை.


ஆகஸ்ட் 11

மதியம் இருவரும் வந்தார்கள். பயிற்சி நாளில் ஏன் வந்தார்கள் என்று தெரியவில்லை. அம்மா ஒரு பழைய ரவிக்கையைப் பிரித்துப் பெரிதாக்கிக் கொடுக்கப் பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தாள்.

மதி உள்ளே வந்து உட்கார்ந்தான். சகாயம் வரவில்லை. எங்கள் வீட்டில் அவன் நிலைப்படியில் நின்றதே இல்லை. நேராக அடுப்படிக்குத்தான் போவான்.

"உள்ள வாடா" என்றேன்.

"இருக்கட்டுங்க்கா."

அக்கா என்பதில் ஒரு 'ங்க' சேர்ந்திருந்தது.

மதிதான் சொன்னான். என்னைப் பார்த்தல்ல, தன் பாதத்தைப் பார்த்து. நேற்று நிர்மல்குமார் பலமுறை எனக்குப் போன் செய்திருக்கிறார். எடுக்கவில்லை என்றதும் பி.டி. சாருக்கும் அடித்திருக்கிறார்; சார் மைதானத்திலிருந்து வந்து எடுத்தபோது அஞ்சு தாண்டிவிட்டது. அஞ்சு மணிக்கு மதியின் பெயரை விடுவித்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஒரு பெயரை இன்று மாலைக்குள் கொடுக்க வேண்டும்.

"சாரு..." சகாயம் நிறுத்தினான். "சாரு என் பேரச் சொல்லிட்டாருடா. எடம் வெளியூருக்குப் போயிடக் கூடாதுன்னு. எங்க வீட்ல ஆடி கீடின்னு ஒண்ணும் கெடையாதுன்னு..."

"தெரியும். சொன்னாரு."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. ஒன்னக் கேட்டுட்டுச் சொல்றன்னு வந்துட்டேன். நீ வேணாம்னா வேணாம்."

"மறுபடி என் பேரப் போட முடியுமா?"

"விடுவிச்சா அவ்வளவுதானாம்."

"அப்பறம் என்னாத்த என்னக் கேக்குற?"

"கேக்கணும்ல."

ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. மூன்று விசில். மதி எழுந்து நிலைப்படிக்குப் போனான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். சகாயமும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தயாராக, கையைத் தூக்காமல் நின்றான்.

"போயிக் கையெழுத்துப் போடுறா. நாயே. அஞ்சு மணி ஆயிடப் போவுது."

சகாயம் அழுதான். மதி அவனைத் திருப்பிச் சைக்கிள் பக்கம் தள்ளினான்.

பிறகு மதி என்னிடம் கேட்டான்: "நேத்து நீ ஏன்க்கா போன எடுக்கல?"

சார்ஜ் இல்லை என்றேன்.

"அம்மா ஒத்துக்கவே மாட்டன்னுட்டாங்களா?"

இந்தக் கேள்விக்கு நான் என்ன சொன்னேன் என்பதை எழுதத் தேவையில்லை. அவன் புரிந்துகொண்டான். அவன் புரிந்துகொள்வது எப்போதும் எளிது.

"அவங்ககிட்ட நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல" என்றான். "கேட்டா ஏதாவது சொல்லிடுவேன்."

மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். அம்மா வந்தபோது அவனுக்குத் தலைவலி என்றேன். சுக்குத் தட்டிப் போட்டாள்.


ஆகஸ்ட் 12

மதி முகாமுக்குத் திரும்பிப் போகவில்லை. சாப்பிடுகிறான், தூங்குகிறான். அம்மா கேட்டதற்கு இரண்டு நாள் விடுப்பு என்றான், சுவரைப் பார்த்து.

அம்மா என்னிடம் கேட்டாள்: "கோயமுத்தூருகாரரு என்னா சொல்றாரு? எப்ப வர்றாராம்?"

பேசிக்கொண்டிருக்கிறோம் என்றேன்.


ஆகஸ்ட் 14

பி.டி. சார் வந்தார். புல்லட் சத்தம் தெரு முனையிலேயே கேட்டது. மதி கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மா எதிரில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். நான் மோர் எடுத்து வந்தேன்.

சார் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார். பேசத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

"யம்மா, நீங்க மனசுல எதையும் வச்சுக்காதீங்க. ஆடியில கையெழுத்து வேணாம்னு நீங்க சொன்னது தப்பே இல்ல. பெத்தவங்களுக்கு அந்தப் பயம் இருக்கும். நான் அன்னைக்கே வந்து ஒங்கள்ட்ட பேசியிருக்கலாம். சாமி விஷயமாச்சேன்னு தலையிடல. அது என் தப்பு. எடம் போச்சு. அந்த எடத்துல சகாயம் போறான், அதாவது நம்ம பய. மதிய நான் எப்புடியாவது வேற எங்கயாவது, போலீஸ் டீம்ல, ரயில்வேல..."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். அம்மாவின் கை நின்றுவிட்டது. இடம் போனது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிகிறது. முதலில் மதியைப் பார்த்தாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான், குழைந்துபோகும்வரை. பிறகு சாரைப் பார்த்தாள். பிறகு என்னை.

என் கையில் மோர்ச் செம்பு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"ஆமா சார்" என்றாள் அம்மா. "நாந்தான் வேணாம்ன்னேன். மனசு கேக்கல."

மதி எழுந்தான். தட்டை எடுக்கவில்லை, கையைக் கழுவவில்லை. எச்சில் கையோடு அவள் முன்னால் நின்றான்.

"கையெழுத்துல என்னம்மா ஆடி?"

அம்மா கறிவேப்பிலையைப் பார்த்தாள். "புத்தி இல்லடா எனக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒன் கால்ல விழுந்திருப்பன்ல?"

"தம்பி, விடுப்பா" என்றார் சார்.

அவன் வெளியே போனான். சார் மோரைக் குடித்தார். நல்ல மோர் என்றார்.


ஆகஸ்ட் 15

மதி அம்மாவிடம் பேசவில்லை.

அம்மா என்னிடம் பேசினாள். உப்பு தீர்ந்துவிட்டது. கேஸ்காரன் வருவான், சில்லறை எடுத்து வை. இப்படி.


ஆகஸ்ட் 17

ஆவணி ஒன்று. காலையிலேயே மூன்று பேர் ரவிக்கைத் துணியோடு வந்துவிட்டார்கள். மெஷின் ஓடத் தொடங்கியது.

சகாயம் பத்தரை பஸ்ஸில் கிளம்பினான். தெருவே வழியனுப்பப் போனது. அவன் அம்மா ஆரோக்கியமேரி எங்கள் வீட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல் போனாள். மதி அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். பஸ்ஸின் மேலே ஏறி அதைக் கட்டிவிட்டு இறங்கினான். பஸ் நகர்ந்தபோது சகாயம் ஜன்னலிலிருந்து கையை நீட்டினான். மதி பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடினான். பிறகு விட்டான்.

டீக்கடையில் ஒருவர் சொன்னது என் காதில் விழவேண்டும் என்றே சொன்னதுபோல் இருந்தது: "எந்தக் காலத்துல இருக்குது அந்தப் பொம்பள. ஆடியாம். பெத்த புள்ளக்கி அதுவே எமன்."

கூட இருந்தவர்: "படிச்ச பொண்ணு வீட்ல இருக்குதே, அது எடுத்துச் சொல்லாதா?"

"சொல்லித்தான் பாத்திருக்கும். பாவம்."


ஆகஸ்ட் 19

உரக்கடை வீட்டார் வந்தார்கள். அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள். அவள் விரல்கள் வழக்கம்போலவே இருந்தன. இழுக்கவும் இல்லை, தளரவும் இல்லை. கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை. என் முகம் மறைத்துக்கொண்டது.

மதி சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து, கேட்டதற்குப் பதில் சொன்னான். என்ன செய்கிறாய் என்று கேட்டார்கள். "சும்மாதான் இருக்கேன்" என்றான்.


ஆகஸ்ட் 21

அவர்களுக்குச் சம்மதமாம். செய்தி வந்தது.

மாலை அடுப்படியில் அம்மாவும் நானும் மட்டும். அவள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அங்க ஒனக்கு ஒரு வேலைக்குக் கேட்டியா?"

நான் அப்பளக் கட்டைப் பிரித்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ஆடி மொத வாரம் சர்ட்டிபிகேட்டெல்லாம் எடுத்துட்டுப் போயி ஜெராக்ஸ் போட்டியே. தம்பி காயிதத்துக்கு ஒன் மார்க் ஷீட்டு எதுக்குன்னு நெனச்சேன். நீயா சொல்லுவன்னு இருந்தேன்."

அப்பளம் ஒன்று. இரண்டு.

"கெடச்சுதா?"

"இல்ல."

அவள் கரண்டியை வடியவிட்டாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

"நான் மதிகிட்ட சொல்லிடறேன்மா" என்றேன். "இன்னைக்கே."

"சொல்லாத."

"அம்மா..."

"அவன் இப்ப ஒரு ஆளுகிட்டதான் பேசாம இருக்கான். ஒங்கிட்டயும் பேசாமப் போயிட்டா, அப்பறம் இந்த வீட்ல யாருகிட்டடி பேசுவான்? சகாயமும் இல்ல."

அடுப்பை அணைத்தாள். எண்ணெய் கொஞ்ச நேரம் தானாகப் பொரிந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். மதி கூடத்துக்கு வந்தான். கொல்லைப் பக்கமோ அடுப்படிப் பக்கமோ பார்க்கவில்லை. தன் இடத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, சோறு போடு."

அம்மா தட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். அதன் ஓரத்தில் இரண்டு அப்பளம் வைத்தாள். பிறகு நகர்ந்து, கூடத்திலிருந்து தெரியாத மூலையில், அரிசித் தவலைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

நான் போய்ப் போட்டேன்.